தூங்குகிற குழந்தையை எழுப்பிய கண்டக்டர்

பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவருக்கு விசில் என்று பெயர் விழுந்தது நியாயம்தான். வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு, அது மின்சார பில்லில் மட்டும் வரும். நாக்கை மடித்து அவர் ஊதுகிற சத்தத்துக்கு, முன்னால் போகிற லாரிகூட ஒதுங்கும். அப்படிப்பட்ட மனிதர் குழந்தைகள் காப்பகத்தில் வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பினார் என்றால் அதற்குப் பின்னால் ஏதாவது ஒரு அவமானம் இருக்கத்தானே வேண்டும்? இருந்தது.

மகளுக்குப் பெண் குழந்தை பிறந்த மறுநாள், ஆஸ்பத்திரியில் நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றி இவர் கையில் கொடுத்தாள். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. வருஷக்கணக்கான பழக்கம், கை தானாக வேலை செய்தது. குழந்தையை இடது அக்குளில் இடுக்கிக்கொண்டு வலது கையால் போனை எடுத்து "ஹலோ" என்றார். டிக்கெட் பையை அவர் அப்படித்தான் இடுக்குவார், ஒரு நாள்கூட அது கீழே விழுந்ததில்லை. ஆனால் மகள் போட்ட கூச்சலில் அடுத்த வார்டிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். இத்தனை களேபரத்திலும் குழந்தை மட்டும் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தது என்பதை யாருமே கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று முதல் வீட்டில் ஒரு சட்டம் வந்தது. தாத்தா குழந்தையைத் தூக்கலாம், ஆனால் உட்கார்ந்துதான் தூக்க வேண்டும். மடியில் தலையணை இருக்க வேண்டும். பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

"ஓடுற பஸ்ஸுல கம்பியப் பிடிக்காம நின்னவன் நான். என்னைப் போயி உக்காந்து தூக்கச் சொல்றா" என்று மனைவியிடம் பொருமினார்.

மனைவி ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் மேற்பார்வை பார்க்கிறவள். படுக்கை விரிப்பை மடிப்பது போலவே பேச்சையும் நறுக்கென்று மடித்து வைத்துவிடுவாள். "நின்னீங்க, சரி. பஸ்ஸையா இடுப்புல தூக்கி வச்சிருந்தீங்க?" என்று கேட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

மகளுக்கு விடுப்பு முடிகிற நேரம் வந்தது. பகலில் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்று சாப்பாட்டு மேஜையைச் சுற்றி ஒரு கூட்டம் நடந்தது. எதிர்வீட்டு அக்காவின் பெயர் அடிபட்டது. மருமகனின் சித்தியின் பெயர் அடிபட்டது, சித்திக்குக் கண் சரியாகத் தெரியாது என்று அடுத்த நிமிஷமே தள்ளுபடியும் ஆனது. கடைசியில் இரண்டு தெரு தள்ளி இருக்கிற காப்பகம் என்று முடிவானது. பகல் முழுக்க வீட்டில் சும்மா இருக்கிற ஒரு ஆண்பிள்ளை அதே மேஜையில்தான் உட்கார்ந்திருக்கிறார் என்பது யாருக்கும் நினைவில்லை. தன் இருப்பைத் தெரிவிக்க அவர் ஒருமுறை கனைத்தார்.

"தண்ணி வேணுமாப்பா?" என்றாள் மகள்.

மறுநாள் காலை குளித்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு நேராக அந்தக் காப்பகத்துக்கே போனார். அங்கே நிர்வாகி ஒரு பெரிய அம்மாள். இவர் கண்டக்டர் என்று கேள்விப்பட்டதும் அவள் முகம் மலர்ந்தது. வேனில் குழந்தைகளை ஏற்றி இறக்க ஆள் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள்.

"வேன் வேண்டாம்மா. ரூமுக்குள்ள வேலை வேணும். குழந்தைய தூக்குற வேலை."

"அதுக்குப் பயிற்சி முடிச்சிருக்கணும் சார். போலீஸ்ல நன்னடத்தைச் சான்று, டாக்டர்கிட்ட உடம்புச் சான்று, தடுப்பூசி, முதலுதவி, வகுப்பு, அதுக்கப்புறம் இங்கயே செய்முறை. எல்லாம் பாஸ் ஆனாத்தான் குழந்தையத் தொடவே விடுவோம்."

"நானும் ஒரு பிள்ளைய வளர்த்தவன்தாம்மா."

"நீங்க வளர்த்தீங்களா, வீட்டுல வளர்த்தாங்களா?"

 விசில்காரர் அந்தக் காலத்தில் முதல் வண்டிக்குப் போகிறவர், மகள் எழுவதற்கு முன்னால் பூனை மாதிரி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியேறிவிடுவார். கடைசி வண்டி முடித்து வரும்போது அவள் தூங்கியிருப்பாள். அவருக்குத் தெரிந்த மகள் பெரும்பாலும் தூங்கிக்கொண்டே வளர்ந்தவள். அந்த அம்மாள் நீட்டிய தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

வீட்டில் செய்தியைச் சொன்னதும் மருமகனுக்குப் புரையேறியது. மகள் சிரிக்கவில்லை. 

"நிஜமாவாப்பா?"

"பாஸ் பண்ணிட்டா நின்னுக்கிட்டுத் தூக்கலாமா?"

"மொதல்ல பாஸ் பண்ணுங்க. அப்புறம் பாக்கலாம்."

அது போதும் அவருக்கு. போலீஸ் நிலையத்தில் எதற்காகச் சான்று என்று கேட்டார்கள், குழந்தை பார்த்துக்கொள்ள என்றார். யார் குழந்தை, எப்போது காணாமல் போனது என்று அந்தக் காவலர் பேனாவைத் திறந்துவிட்டார். அதைப் புரியவைத்து, சான்றிதழை வாங்கிக்கொண்டு வெளியே வருவதற்குள் பாதி நாள் போனது. டாக்டர் குனியச் சொன்னார், நிமிரச் சொன்னார், உட்கார்ந்து எழச் சொன்னார். எழும்போது முட்டி போட்ட சத்தம் டாக்டருக்கே கேட்டது. அவர் பெரிய மனசு பண்ணி அதை எழுதவில்லை.

வகுப்பில் இவரைத் தவிர எல்லோரும் இளம்பெண்கள். அங்கிள் என்று கூப்பிட்டு, முன்வரிசையில் இடம் கொடுத்து, இவருக்குத் தெரியாமல் இவரைப் படம் பிடித்துத் தங்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பயிற்சி நடத்தியவள் மகள் வயதே உள்ள ஒரு ஆசிரியை. ஒல்லியான உருவம், மெல்லிய குரல், ஆனால் ஒரு சொல்லைக்கூட அவள் இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்காது. விசில்காரர் முதல் நாளே அவளிடம் பெட்டிப்பாம்பாக அடங்கினார்.

முதலுதவி வகுப்பில் ரப்பர் பொம்மை ஒன்று வந்தது. கைக்குழந்தையின் தொண்டையில் ஏதாவது சிக்கினால் எப்படிக் கவிழ்த்துப் பிடிக்க வேண்டும், முதுகில் எப்படித் தட்ட வேண்டும் என்று ஆசிரியை காட்டினாள். இவர் முறை வந்தது. பொம்மையை அழகாகக் கவிழ்த்தார், தலையைச் சரியாகத் தாங்கினார். அதன் பிறகு பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தில் தட்டுவது போல டப் டப் என்று இரண்டு தட்டு தட்டி, "ரைட், போலாம்!" என்றார். பொம்மையின் தலை கழன்று முன்வரிசைப் பெண்ணின் மடியில் போய் விழுந்தது.

வகுப்பு முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. ஆசிரியை மட்டும் சிரிக்கவில்லை. "அடைப்பு வெளிய வர்ற வரைக்கும் 'போலாம்' கிடையாது சார். வந்திடுச்சான்னு பாக்கணும்" என்று தலையை எடுத்து மாட்டி மறுபடியும் அவரிடமே கொடுத்தாள்.

துணி மாற்றும் பாடத்தில் மானம் காப்பாற்றப்பட்டது. ஒரு கை எப்போதும் குழந்தையின் மேல் இருக்க வேண்டும், மற்ற எல்லா வேலையும் இன்னொரு கையால் என்பது சட்டம். கூட்டத்தில் ஒற்றைக் கையால் டிக்கெட் கிழித்துச் சில்லறை எண்ணியவருக்கு அதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அந்தச் சந்தோஷம் அடுத்த பாடம் வரைதான். அது பேசும் பாடம். குழந்தையிடம் பேசும்போது அதன் கண் மட்டத்துக்கு இறங்க வேண்டுமாம். ஓடாதே, தொடாதே என்று அதட்டாமல் என்ன செய்ய வேண்டுமோ அதைச் சொல்ல வேண்டுமாம், இரண்டு வழி கொடுத்து அதையே ஒன்றைத் தேர்ந்தெடுக்க விட வேண்டுமாம். கோபப்படும் குழந்தையிடம் அந்தக் கோபத்துக்குப் பெயர் சொல்லி ஒப்புக்கொள்ள வேண்டுமாம்.

ஒப்புக்கொள்ள யாராவது வேண்டுமே, வீட்டில் மனைவிதான் கிடைத்தாள். ஒரு நாள் அவள் குழாய் சரிபார்க்க ஆள் கூப்பிடவில்லை என்று கத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, இவர் போய் எதிரில் மெல்ல மண்டியிட்டார்.

"உனக்கு இப்போ கோவமா இருக்கு. கோவம் வர்றது தப்பில்ல" என்றார், ஆசிரியையின் அதே மெல்லிய குரலில்.

மனைவி சட்டென்று அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "என்னங்க ஆச்சு? ஆஸ்பத்திரில ஏதாவது சொன்னாங்களா?"

"ஒண்ணும் இல்ல. உனக்கு ரெண்டு வழி இருக்கு. தண்ணி குடிச்சிட்டுப் பேசலாம், இல்லன்னா பேசிட்டுத் தண்ணி குடிக்கலாம்."

"மூணாவதா ஒரு வழி இருக்கு. எந்திரிச்சுப் போயி குழாய்க்காரனக் கூப்பிடுங்க."

எழப் பார்த்தார், முட்டி ஒத்துழைக்கவில்லை. கடைசியில் அவள்தான் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். தூக்கும்போது சிரித்தாள். அந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது, அது இவருக்கும் தெரிந்தது.

செய்முறைப் பயிற்சிக்கு அவரைப் பெரிய குழந்தைகள் அறையில் போட்டார்கள். நடக்கத் தெரிந்து, பேச்சு பாதி வந்த கூட்டம். முதல் நாளே, வாசலில் முண்டியடித்தவர்களைப் பார்த்து "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல இடம் இருக்கு" என்று குரல் கொடுத்தார். கூட்டம் அப்படியே அறையின் நடுவுக்குப் போனது. ஆசிரியை அதைக் குறை சொல்லவில்லை. ஓடாதே என்று சொல்லாமல் போகிற இடத்தைச் சொல்லியிருக்கிறாரே, பாடப்படி அது சரிதான்.

மதியத் தூக்க நேரத்தில்தான் விபத்து நடந்தது. சின்னச் சின்ன மெத்தைகளில் எல்லாக் குழந்தைகளும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். திரை போட்ட அறை, மின்விசிறிச் சத்தம் மட்டும். ஆசிரியை அவரை அங்கே உட்காரவைத்து, "பாத்துக்கிட்டே இருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போனாள். இவருக்கோ உட்கார்ந்து வேலை பார்த்தே பழக்கமில்லை. சுவரில் எந்தக் குழந்தையை எத்தனை மணிக்குக் கூட்டிப்போவார்கள் என்று ஒட்டியிருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் போக வேண்டிய பையன், எல்லோருடைய செருப்பையும் சோதித்துப் பார்க்கிற குணத்தால் இவர் இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்திருந்தவன், வாயைத் திறந்துகொண்டு ஆழ்ந்து தூங்கினான். அவன் அம்மா வர இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

தூங்குகிற பயணியை இடம் வருவதற்கு முன்னால் எழுப்பிவிடாத கண்டக்டர் ஒரு கண்டக்டரா? தன் சர்வீஸில் ஒருவரைக்கூட அடுத்த ஸ்டாப்பிங் வரை தூங்க விட்டதில்லை என்பது விசில்காரரின் பெருமை. எழுந்துபோய்ப் பையனின் தோளைத் தட்டினார்.

"தம்பி, எந்திரி. அடுத்து உன் ஸ்டாப்பிங்தான். செருப்பு, பை எல்லாம் பாத்து எடுத்துக்க."

இன்ஸ்பெக்டர் கண்ணைத் திறந்து, ஒரு மீசையைப் பக்கத்தில் பார்த்து, வீறிட்டான். அந்தச் சத்தத்தில் அடுத்த மெத்தை எழுந்தது. அதன் சத்தத்தில் அதற்கடுத்தது. ஆசிரியை ஓடிவந்தபோது அறை முழுக்க அழுதுகொண்டிருந்தது. நடுவில் கண்டக்டர் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றுகொண்டு, வழக்கமாகக் கூட்டத்தை அடக்கும் விதத்தில் நாக்கை மடித்து ஒரு விசில் அடித்தார். அதோடு கைக்குழந்தைகள் அறையும் எழுந்துகொண்டது.

எல்லாம் ஓய்ந்த பிறகு ஆசிரியை அவரைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஏன் சார் எழுப்பினீங்க?"

"ஸ்டாப்பிங் வந்திடுச்சு மேடம்" என்று சொல்லும்போதே அவருக்கு உறைத்துவிட்டது. முகத்தில் ஈயாடவில்லை.

"அவன் எங்கயும் இறங்க வேண்டாம் சார். அவங்க அம்மா உள்ள வந்து தூக்கிட்டுப் போவாங்க. தூங்குற குழந்தைய நாம பாத்துக்கிட்டு இருக்கணும், அதான் வேலை. மூச்சு சீரா இருக்கா, முகத்துல துணி விழுந்திருக்கா, அவ்வளவுதான்." கொஞ்சம் நிறுத்தி, "இந்த வாரம் தேறல. அடுத்த வாரம் மறுபடி பாக்குறேன். அப்பவும் இப்படின்னா அடுத்த பயிற்சிக்குத்தான் வரணும், அது ஆறு மாசம் ஆகும்" என்றாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் காலண்டரை எடுத்து மாதங்களை எண்ணினார். ஆறு மாதத்தில் பேத்தி நடக்கவே ஆரம்பித்துவிடுவாள், அதற்குப் பிறகு யாரைத் தூக்குவது? போதாக்குறைக்கு, அப்பாவால் முடியாது என்று மகள் நினைத்தது சரிதான் என்றும் ஆகிவிடும். அதுதான் அவர் நெஞ்சை அறுத்தது.

அடுத்த வாரம் ஆசிரியை அறையின் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். விசில்காரர் மெத்தைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்தார். பார்த்தார். ஒவ்வொரு சின்ன நெஞ்சும் ஏறி இறங்குவதைப் பார்த்தார். கண் சுவருக்குப் போனபோதெல்லாம் இழுத்துக்கொண்டு வந்தார். இன்ஸ்பெக்டரின் நேரம் நெருங்க நெருங்கக் கை துறுதுறுத்தது, அதைத் தொடைக்கு அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டார். தூக்கத்தில் அந்தப் பையன் ஒருமுறை சிரித்தான். ஒரு குழந்தை தூங்குவதை முழுசாக உட்கார்ந்து பார்ப்பது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை என்று அவருக்குப் பட்டது. தன் மகள் தூக்கத்தில் சிரித்திருப்பாளா என்று யோசித்தார், தெரியவில்லை, அதற்காக வருத்தப்பட்டார்.

அந்த நேரம் பையனின் அம்மா வந்தாள். கடை ஒன்றில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவள். மகன் தூங்குவதைப் பார்த்து, எழுப்பவா என்று சைகையில் கேட்டாள். இவர் விரலை உதட்டில் வைத்து, சுவரோரம் கிடந்த நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் அவளும் தூங்கிப்போனாள். இப்போது இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு பேர் தூங்குகிறார்கள்! கண்டக்டரின் நெற்றியில் வியர்வை பூத்தது. ஆனால் அசையவில்லை. ஆசிரியை திடீரென்று எழுந்து வெளியே போனாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததைச் சமையல்காரம்மா பார்த்திருக்கிறாள்.

தேறிவிட்டார். சான்றிதழை மனைவி சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினாள். பரீட்சை எழுதி வந்த பிள்ளை மாதிரி விசில்காரர் கையை நீட்டிக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்றார். மகள் சிரித்துக்கொண்டே குழந்தையை எடுத்து வந்தாள். வரும்போதே இன்னொரு கையில் தலையணையும் வந்தது. அவள் வேண்டுமென்று செய்யவில்லை, பழக்கம். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அடி அதோடு நிற்கவில்லை. வேலையில் சேர்ந்த அன்று நிர்வாகி அம்மாள் இன்னொரு விதியைச் சொன்னாள். சொந்தக்காரக் குழந்தை இருக்கிற அறையில் அந்தப் பணியாளருக்கு வேலை கிடையாது, பாரபட்சம் வந்துவிடும். பேத்தி கைக்குழந்தைகள் அறை என்றால் இவருக்குப் பெரிய குழந்தைகள் அறைதான். தலையால் தண்ணீர் குடித்துத் தேறி வந்த மனிதருக்கு எப்படி இருக்கும்! "விதி நல்லதுதாம்மா" என்றார். வெளியே வந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்து நின்றார்.

பேத்தி காப்பகத்துக்கு வந்த முதல் நாள், வாசலில் குழந்தைகளை வாங்கி உள்ளே விடும் முறை விசில்காரருடையது. மகள் ஆபீஸ் உடுப்பில் வந்தாள். ஒரு பையைக் கொடுத்தாள். இன்னொரு பையைக் கொடுத்தாள். பால் எப்போது, துண்டு எது, எந்தப் பாட்டுக்குத் தூங்குவாள் என்று எல்லாம் சொன்னாள். சொன்னதையே மறுபடியும் சொன்னாள். குழந்தையை மட்டும் கொடுக்கவில்லை. பின்னால் இரண்டு அம்மாக்கள் காத்திருந்தார்கள்.

அவர் பாடத்தில் படித்தபடியே பேசினார். "உள்ள இருக்குறவங்க நல்லா பயிற்சி எடுத்தவங்கம்மா. குழந்தைகிட்ட, 'போயிட்டு சாயங்காலம் வர்றேன்'னு சொல்லுங்க. சொல்லாம மட்டும் போயிடாதீங்க."

அந்தக் கடைசி வார்த்தையில் மகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

"உள்ள இருக்குறவங்கள எனக்குத் தெரியாதுப்பா. உங்களத்தான் தெரியும். நீங்களே தூக்கிட்டுப் போங்க."

கொடுத்துவிட்டாள். தலையணை இல்லை, நாற்காலி இல்லை. வாசலில் நின்றுகொண்டிருந்தவர் கையில், தலைக்கு அடியில் ஒரு கை, முதுகுக்கு அடியில் ஒரு கையாகக் குழந்தை வந்து சேர்ந்தது. அப்போது அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. அவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. அடித்து அடித்து அது தானாக ஓய்ந்தது.

வாசலிலிருந்து கைக்குழந்தைகள் அறை வரை ஒரு நடைபாதை இருக்கிறது. குழந்தைகள் ஓடினால் மூச்சு விடுவதற்குள் முடிந்துவிடும். விசில்காரர் அதில் நடந்த வேகத்துக்கு, பின்னால் வந்த சமையல்காரம்மா பொறுமை இழந்து சுற்றுவழியில் போய்விட்டாள். பேத்தி அவர் மீசையையே பார்த்துக்கொண்டு வந்தாள். அறைக்கதவில் அவரோடு வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்த பெண் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"கை கழுவிட்டியாம்மா?"

"கழுவிட்டேன் அங்கிள். குடுங்க."

"சோப்பு போட்டா?"

"அங்கிள்."

கொடுத்தார். "தாத்தா பக்கத்து ரூம்லதான் இருப்பேன். போயிட்டு வர்றேன், என்ன?" என்று குழந்தையிடம் சொல்லிவிட்டுத் திரும்பினார். வாசலுக்கு வந்தபோது மகள் இன்னும் போகாமல் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அழுதாளாப்பா?"

"இல்ல."

"நீங்க?"

விசில்காரர் அடுத்த அம்மாவிடமிருந்து பையை வாங்கினார்.

"எனக்கு வேலை இருக்கும்மா. நீ கிளம்பு" என்றார்.